பொழுது எழுதாத பயண நிரல்

கல்விச் சுற்றுலாவுக்கு நாட்குறித்ததும் ஆசிரியர் முதலில் எழுதுவது ஒரு நிரல். இன்ன கோயில், இன்ன கோட்டை, இன்ன அணைக்கட்டு, இன்ன கடற்கரை என இடங்கள் வரிசையாக ஏறும். இடங்கள் எத்துணை மிகுகின்றனவோ அத்துணை சிறந்தது அந்நிரல் என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் எழுதாச் சட்டமாகிவிட்டது. எங்கள் கல்குடாவும் அதனை அடுத்த பாசிக்குடாவும் இத்தகைய நிரல்களில் பெரும்பாலும் ஐந்தாவதோ ஆறாவதோ இடம். ஒதுக்கப்பெறும் காலம் முக்கால் மணி. தூரத்து ஊர்ப் பிள்ளைகள் நள்ளிரவிலே வண்டியேறி, நான்கு இடங்களில் இறங்கி ஏறிக் களைத்து, ஒளி மங்கும் நேரத்தில் இங்கு வந்து சேர்கின்றனர். முழங்கால் நனைய நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கின்றனர். ஊதல் ஒலிக்கிறது, வண்டி புறப்படுகிறது. பிள்ளைகள் பாசிக்குடாவைக் கண்டனர் என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது.

அவர்கள் கண்டது சாம்பல் நிறமான ஒரு நீர்ப்பரப்பை, பாசிக்குடாவை அன்று. இதுவே யான் இங்கு எடுத்துரைக்கப் புகுவது.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். அவற்றுள் முதற்பொருள் என நிறுத்தப்பட்டவை இரண்டே: நிலமும் பொழுதும். தெய்வமும் உணவும் மாவும் மரமும் புள்ளும் பறையும் எல்லாம் கருப்பொருளாய்ப் பின்னே வந்தன. ஓரிடத்தை அவ்விடமாக ஆக்குவது அதன் மண் மட்டும் அன்று. அம்மண்ணின்மேற் படியும் வேளையும் ஆகும் என்பது இவ்வகுப்பின் உட்கிடை. இதனை நாம் மாணவரை மனனஞ் செய்யச் சொல்கிறோம். பரீட்சையிற் கேட்டுப் புள்ளியும் இடுகிறோம். அதே ஆசிரியர் சுற்றுலா நிரல் எழுத உட்கார்ந்ததும் நிலத்தை மட்டும் எழுதிப் பொழுதை விட்டுவிடுகிறார். முதற்பொருளிற் பாதியைத் தொலைத்துவிட்டு மீதிப் பாதியைத் தேடி ஐம்பது கல் ஓடுவது என்ன கணக்கோ, அறியேன்.

இலக்கணம் படியாத மட்டக்களப்பு உழவனுக்கு இந்தப் பிழை நேர்ந்திலது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலத்தை அவன் எழுவான்கரை என்றான். மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றான். கதிரவன் எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. நிலத்தின் பெயருள்ளே பொழுதை வைத்துப் பேசும் மரபு இது. வாவியின் இரு கரைகளைச் சுட்ட அவனுக்குத் திசைப்பெயர் போதவில்லை, ஞாயிற்றையே அழைத்தான்.

இங்கே ஒரு சிறு விலகல். பண்டிதன் எழுதும் கட்டுரையில் இஃது இல்லாமற் போகாது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது மறைதல் என்று கொண்டு, ஞாயிறு சாயும் பிற்பகல் வேளையே எற்பாடு என்பர் ஒருசாரார். பாடு என்பது தோன்றுதல் என்று கொண்டு, ஞாயிறு எழும் காலை வேளை என்பர் மற்றொரு சாரார். கீழைக் கரையில் வாழும் எமக்குக் கதிரவன் கடலிலே எழுவதால் இரண்டாவது பொருள் இனிப்பதே. எனினும் படுவான்கரை என்ற சொல்லை நாள்தோறும் வழங்கும் எம் மக்களின் நாக்கு முதற்சாரார் பக்கமே சாட்சி சொல்கிறது. படுதல் என்றால் சாய்தல் என்பதில் படுவான்கரைச் சிறுவனுக்கும் ஐயம் இல்லை. இந்த வழக்கில் என் வாக்கும் அவனுக்கே.

நிற்க. பாசிக்குடாவின் நிறத்துக்கு வருவோம்.

கல்குடா மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், வாழைச்சேனையை அடுத்துக் கிடப்பது. குடா என்பது நிலத்துள் வளைந்து புகுந்த கடல். கல் உள்ள குடா கல்குடா. கற்குடா எனப் புணர்த்துவதே இலக்கணத்துக்கு இயையும். ஆயினும் ஊரார் அப்படிச் சொல்வதில்லை, யானும் சொல்வதில்லை. பாசி உள்ள குடா பாசிக்குடா. பசுமை என்னும் பண்பின் அடியாகப் பிறந்தது பாசி என்னும் சொல். ஆகவே இக்குடாவுக்குப் பெயரிட்டவர் நிறத்தைப் பார்த்தே பெயரிட்டனர் எனல் மிகையாகாது. கல்குடாப் பக்கத்து நீர் ஆழமும் இழுப்பும் உடையது. பாசிக்குடாவோ முருகைக்கற்பார் அலையைத் தடுத்து நிறுத்த, நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய ஆழமற்ற நீராய் அமைந்தது. அந்த ஆழக் குறைவே அதன் நிறத்துக்கும் காரணம்.

ஞாயிற்றின் ஒளியில் எல்லா நிறமும் கலந்துள்ளன. நீருள் இறங்கும்போது செந்நிறக் கூறு முதற் சில மீற்றரிலேயே விழுங்கப்பட்டு விடுகிறது. நீலக் கூறு நெடுந்தூரம் இறங்குகிறது. அடியிலே வெண்மணல் இருந்து நீரும் முழங்கால் அளவினதாயின், இறங்கிய ஒளி மணலிற் பட்டு வெளிறிய பச்சையாய் மீளும். இடுப்பளவு, கழுத்தளவு என ஆழம் ஏற ஏறப் பச்சை கனத்து நீலத்துள் நுழையும். கடற்புல்லோ முருகைக்கல்லோ கிடக்கும் இடம் கருந்திட்டாகத் தோன்றும். பாருக்கு அப்பால் ஆழ்கடல் கருநீலம். இவ்வளவும் ஒரே நீர். ஒரு கையில் அள்ளினால் நிறமே இல்லாதது.

ஆனால் இந்த விந்தை எந்நேரமும் நிகழ்வதன்று. ஒளி நீருள் இறங்கினால் அன்றோ மீளும்? கதிரவன் தாழ்ந்திருக்கும்போது ஒளியின் பெரும்பகுதி நீர்மேலே வழுக்கிக் கண்ணில் அடிக்கிறது. விடியற்காலையிற் கிழக்கு நோக்கி நிற்பவனுக்குக் கடல் ஒரு பொற்றகடு. அழகுதான், ஆனால் நிறங்கள் அதன்கீழே மூடப்பட்டுக் கிடக்கின்றன. முற்பகல் ஒன்பதரை, பத்து மணியளவில் கதிர் மேலேறும்போது அம்மூடி விலகும். நண்பகலில் நிறம் முழுமையாய்த் திறக்கும். இரண்டு, மூன்று மணிக்குக் கதிர் நம் முதுகுப்புறம் சாய்ந்து கடலை எதிர்நின்று ஒளியூட்டும், அப்போதும் குறைவில்லை. ஐந்தரைக்கு வருபவனுக்குச் சாம்பலே மிச்சம். பாசிக்குடாவை ஐந்தாவது இடமாக வைத்த ஆசிரியர் அந்தச் சாம்பலுக்காகவே பிள்ளைகளின் நித்திரையைக் கெடுத்தார்.

தமிழாசிரியன் என்ற முறையில் இந்நிறங்களில் எனக்கொரு தனி அக்கறை உண்டு. நம் புலவர் கருமை, நீலம், பச்சை என்னும் மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்குவர். திருமால் மாயோன் ஆகிறான், கடல்வண்ணன் ஆகிறான், பச்சை மேனியனும் ஆகிறான். உரையாசிரியர் இதனைப் புலவர் மரபு என்று சொல்லி அப்பால் நடப்பர். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கருமையும் பச்சையும் எவ்வாறு ஒன்றாகும்?" என்று கேட்டால் நாமும் மரபு என்றே சொல்லி அவனை உட்கார வைக்கிறோம். அவன் உட்காருகிறான், விளங்கிக்கொள்வதில்லை. அம்மாணவனை ஒரு முற்பகல் பாசிக்குடாவிற் காலளவு நீரில் நிறுத்துங்கள். காலடியிற் பச்சை, கண்ணெட்டும் நடுவிலே நீலம், பாருக்கு அப்பால் கருமை. மூன்றும் பிரியும் கோடு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அவன் தேடிக் காணமாட்டான். கடல்வண்ணன் என்ற ஒரு சொல்லுள் மூன்று நிறமும் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதற்கு அதனினும் சிறந்த உரை எந்த ஏட்டிலும் இல்லை.

பின் அவனைக் கரையில் இருத்தி, கண்ட நிறங்களுக்குத் தமிழிற் பெயர் எழுதச் சொல்லுக. முதல் இரண்டு நிமிடத்தில் பச்சை, நீலம், வெள்ளை என மூன்று பெயரோடு எழுதுகோல் நின்றுவிடும். அதன்பின்னரே உண்மையான பாடம். கிளிப்பச்சையா, வாழைக்குருத்தா, மயிற்கழுத்தா, காயாம்பூவா என ஒப்புமை தேடத் தொடங்குவான். உவமை என்பது அணிகலன் அன்று, கண்டதைச் சொல்லச் சொல் போதாதவிடத்துப் பிறக்கும் தேவை என்பதை அங்கே உணர்வான். உவமவியல் கற்பிக்க எட்டு இடம் வேண்டுவதில்லை. ஒரு குடாவும் இரண்டு மணி நேரமும் போதும்.

இத்தகைய பொழுதுக் கணக்கு எமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ நாட்டிலே யுகட்டான் தீபகற்பத்தின் வடகரையில் லாஸ் கொலராடாஸ் என்றொரு சிற்றூர் உண்டு. செந்நிறமானவை என்பது அப்பெயரின் பொருள். அங்கே உப்பளப் பாத்திகளின் நீர் இளஞ்செம்மலர் நிறமாய் நிற்கிறது. உவர்ப்பு மிகமிகப் பெருகும் நீரில் வாழவல்ல நுண்பாசி ஒன்றும் நுண்ணுயிர்கள் சிலவும் தம்முள் ஊறவைக்கும் செஞ்சாயமே அதற்குக் காரணம். மஞ்சட் கிழங்குமுள்ளங்கியின் நிறத்துக்குக் காரணமான கரட்டீன் என்னும் பொருளும் அச்சாயத்தில் உண்டு. அப்பகுதிப் பூநாரைகளின் சிறகுச் செம்மையும் இத்தகைய உணவின் வழியே வருவது. கான்கூன் என்னும் பெரிய சுற்றுலா நகரிலிருந்து அவ்வூருக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத தரைவழி. அங்கும் மக்கள் ஒரே நாளிற் போய்த் திரும்பத் திட்டமிடுகின்றனர். அங்கும் மேகம் மூடிய நாளிலோ வெயில் சாய்ந்தபின்னோ போனவர் வெளிறிய சேற்றுநீரைக் கண்டு, படத்திற் பார்த்தது பொய் என்று ஏசித் திரும்புகின்றனர். படம் பொய் அன்று. அது நண்பகலில் எடுத்த படம். அந்நீரில் இறங்கிக் குளிக்க இடங்கொடுப்பதும் இல்லை. உப்பு விளையும் தொழில் நிலம் அது. போகுமுன் இவ்விரண்டையும் கேட்டறிந்தவன் மகிழ்ந்து திரும்புகிறான். நெய்தலின் பொழுது கடல் கடந்தும் அதுவே.

சிறுபொழுது இவ்வாறாக, பெரும்பொழுதையும் நோக்கவேண்டும். நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்பர் பிற்கால இலக்கண நூலார். பாட்டுக்கு அது சரி. பள்ளிக்கூட வண்டிக்குச் சரியன்று. ஆவணி, புரட்டாசியைக் கார் என்று நூல் சொல்லும். எங்கள் கரையிலோ அம்மாதங்கள் கச்சான் காற்று ஓய்ந்தும் ஓயாத வறட்சிக் காலம். மழை ஐப்பசிக்குப் பின்னரே வாடையோடு வரும். கார்த்திகையிலும் மார்கழியிலும் கடல் கலங்கி, ஆற்று நீரும் சேறும் சேர்ந்து, பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. 1978 நவம்பரில் இக்கரையை அழித்த சூறாவளி வந்ததும் அப்பருவத்திலேயே. இவ்வளவு இருந்தும் ஆண்டிறுதி விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காக மார்கழியிற் பிள்ளைகளைக் கொணர்ந்து கொந்தளிக்கும் நீரோரம் நிறுத்தும் பாடசாலைகள் உள. சித்திரை முதல் புரட்டாசி வரை கடல் அமைந்திருக்கும். அதிலும் ஏப்ரல் முற்பாதியிலும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டியும் இவ்விடத்தில் நண்பகற் கதிர் நேர் உச்சியில் நிற்கும். வெப்பம் மிகும் என்பது உண்மை. நிழலும் குடிநீரும் தொப்பியும் ஏற்பாடு செய்தாற் போயிற்று. கொந்தளிக்கும் கடலுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை.

இதற்கு மறுப்பு என்ன வரும் என்பதை யான் அறிவேன். "பெற்றோர் வண்டிக்கூலி கொடுக்கின்றனர், ஒரே இடத்தைக் காட்டி அழைத்து வந்தால் கேட்கமாட்டார்களா?" என்பர் அதிபர். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. படுவான்கரையில் நாட்கூலிக்கு வயலில் இறங்கும் தாய் தன் பிள்ளைக்காக ஒதுக்கிய பணம் அது. ஆண்டுக்கு ஒருமுறை, சிலருக்குப் பள்ளி வாழ்வில் ஒரே முறை. அப்பணத்துக்கு நாம் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அக்கணக்கை இடங்களின் எண்ணிக்கையால் எவ்வாறு சொல்வது? எட்டு இடத்துக்கு ஓடும் வண்டி பதினெட்டு மணி நேரத்தில் பத்து மணியாவது வீதியில் நிற்கும். பிள்ளை கண்டது முன்னிருக்கையின் முதுகு. அதற்கான எரிபொருளும் அத்தாயின் பணமே. ஓரிடம் போகும் வண்டிக்குக் கூலியும் குறையும். கூலி குறைந்தால், பணம் கட்ட இயலாமல் வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் சிலரையும் அழைத்துச் செல்லலாம். எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் அதிபர் இடங்களின் எண்ணிக்கையை விட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவாராக.

அவசரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. முருகைக்கல் கல் அன்று, உயிர். நுண்ணிய உயிர்கள் பல தலைமுறையாய்க் கட்டிய கூடு. கடல் நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அது தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்துவிடும். 1998 இல் இலங்கையின் முருகைப் பார்கள் அவ்வாறே வெளுத்துப் பெரும் அழிவைக் கண்டன. பாசிக்குடாவும் அவ்வழிவுக்குத் தப்பவில்லை. சுண்ணாம்புக்காக அதனை உடைத்தெடுத்த காலமும் இருந்தது. இவற்றுக்குப் பின்னர் எஞ்சியதும் மீண்டு வளர்வதுமே இப்போது உள்ளவை. கல்குடாவுக்கு வடக்கே காயான்கேணிக் கடற்பகுதி 2019 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் இதனாலேயே. முக்கால் மணி நேரத்தில் எதையாவது கொண்டுபோகவேண்டும் என்று பரபரக்கும் பிள்ளை ஒரு துண்டைப் பெயர்த்துப் பையில் இடுகிறது. அது சட்டத்துக்கும் விரோதம். அரை நாள் அங்கே இருந்து, அது உயிர் என்று கேட்டறிந்த பிள்ளை அதனை மிதிக்கவும் கூசும். மிதிக்காதே என்று பலகை நட்டால் இக்கூச்சம் வருமென யான் நம்பவில்லை.

ஆகவே என் நிரலையும் எழுதிக் காட்டுகிறேன், விரும்பினோர் கொள்க. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாள் ஆகஸ்ட் மாதத்துப் போயா தினம். முழுநிலா நாள், நாடெங்கும் விடுமுறை. இரவுப் பயணம் வேண்டா. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால், பிள்ளைகள் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு எழும் கதிரை எதிர்நோக்கியே போவர். அப்பெயர்களுக்குப் பொருள் சொல்ல வேறிடம் வேண்டாம். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான் கடந்து வாழைச்சேனை. வழியில் எங்கும் இறங்கவேண்டா. ஒன்பதுக்குள் பாசிக்குடா. நீந்தத் தெரிந்த பெரியவர்கள் போதிய அளவில் உடன் வரல்வேண்டும். நீரில் இறங்குவது பாசிக்குடாவில் மட்டும், கல்குடாப் பக்கத்தில் அன்று. முற்பகல் முழுதும் நிறத்துக்கு. மதியம் நிழலில் உணவும், நிறப்பெயர் எழுதுதலும். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) என்னும் நூலிலிருந்து இப்பகுதியின் பேச்சும் பாட்டும் பற்றிச் சில பக்கங்களை யாரேனும் ஒருவர் உரக்கப் படிக்கலாம். அதற்குமேற் சொற்பொழிவு வேண்டா, பிள்ளைகள் பாவம்.

பின்னர் எற்பாடு வரும். மற்ற வண்டிகள் வந்திறங்கும் அதே வேளை. ஆனால் பகல் முழுதும் அந்நீரைப் பார்த்திருந்தவனுக்கு நிறங்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொள்வது ஒரு காட்சி. முதலிற் பச்சை போகும், பின் நீலம். போயா நாளாதலின் முதுகுப்புறம் பனைகளுக்குப் பின்னே கதிர் படும் நேரத்தை ஒட்டி, முன்னே கடலிலிருந்து முழுநிலா எழும். பாடு என்பதற்கு இரு சாராரும் சொன்ன இரு பொருளும் அவ்வேளையில் ஒருங்கே கிடைக்கும். அவர்களின் வழக்கை அங்கேயே பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடலாம்.

திரும்பும் வழியில் ஓரிடம் மட்டும் நிறுத்தலாம். அதுவும் பொழுதை முன்னிட்டே. கல்லடிப் பாலத்தடியில் அமைதியான கோடைகால நிலாவிரவுகளில் நீருக்குள்ளிருந்து ஓர் இசை கேட்கும் என்பது மட்டக்களப்பின் பழம்புகழ். பாடுவது மீனா, மட்டியா என்ற வழக்கு முடிந்தபாடில்லை. விபுலாநந்த அடிகள் அதனை நீரர மகளிர் பாடுவதாகவே கொண்டு இன்னிசைப் பாடல் இயற்றினார். நண்பகலில் அப்பாலத்தை நிரலிற் குறித்து, பிள்ளைகளை நிறுத்தி, இங்கேதான் மீன் பாடும் என்று சொல்லிப் போகும் வண்டிகளை யான் கண்டுள்ளேன். 2013 இல் அருகே புதிய பாலம் திறந்தபின் பழைய இரும்புப் பாலத்தில் வண்டி நெரிசல் குறைந்துள்ளது. எட்டு மணியளவில் அங்கே இறங்கிக் கால் மணி நேரம் பேசாதிருக்கலாம். கேட்டாலும் கேட்கும், கேளாமலும் போகும். வண்டியோட்டியிடம் இயந்திரத்தை நிறுத்திவிடும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.